சம்மதிப்பவர்களுக்குக் கட்டில் இல்லை

வீபே டெர்ப்ஸ்ட்ரா ஆடு வாங்கிக்கொண்டு வந்த அன்றே அவன் மனைவி நின்கேவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஒரு ஆடு என்றால் ஏதோ ஆசை என்று விட்டுவிடலாம். வந்தவை இரண்டு. இரண்டுக்கும் மஞ்சள் மழைக்கோட்டு வேறு. வீடு இருப்பதோ மூன்றாவது மாடி.

வீபே, வியர்டாம் நகராட்சி நீச்சல் குளத்தில் வாத்தியார். ஊரில் பாதிப் பேர் அவனிடம்தான் மிதக்கக் கற்றுக்கொண்டார்கள். சாதுவான மனிதன். ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை அவன் மனசு தன்பாட்டுக்கு மேலே ஏற ஆரம்பித்துவிடும். தூக்கம் போகும், பேச்சு பெருகும், உலகமே தன் மாமனார் வீடு போல ஆகிவிடும். உச்சிக்குப் போய்விட்டால் பிறகு யார் சொல்லும் காதில் ஏறாது. போன தடவை நவம்பர் குளிரில் ஏரியில் இறங்கி, அக்கரையில் இருக்கும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் நீச்சல் சொல்லிக்கொடுக்கப் போகிறேன் என்று நீந்திப் போய்விட்டான். மீட்புப் படகு கண்டுபிடித்தபோது உதடெல்லாம் நீலம். அந்த நிலையிலும் படகுக்காரர்கள் துடுப்புப் போடும் விதத்தைத் திருத்திக்கொண்டிருந்தான். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் நின்கே விதவை.

அதன் பிறகு இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அடுத்த முறை ஏறத் தொடங்கியதுமே, புத்தி கையில் இருக்கும்போதே, அவனாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

வீபே சொன்ன சொல் தவறவில்லை. ஆடுகளைக் கீழ்வீட்டுத் தோட்டத்தில் கட்டிவிட்டு வந்து, "நின்கே, பையை எடு. ஏறிட்டிருக்கேன்" என்றான்.

மனநல மருத்துவமனையின் அவசரப் பிரிவில் மார்லூஸ் என்ற நர்ஸ் உட்கார்ந்திருந்தாள். அன்பான முகம்.

"சொல்லுங்க சார், என்ன வேணும்?"

"ஒரு கட்டில். கதவைப் பூட்டுற வார்டுல இருந்தா நல்லது. சீக்கிரம்."

"நீங்களே கேக்கறீங்களா?"

"ஆமா."

மார்லூஸின் முகம் வாடிவிட்டது. "அப்ப நீங்க சம்மதக் கேஸ். சம்மதக் கேஸுக்கு வெயிட்டிங் லிஸ்ட் இருக்கு சார். துலிப் பூக்கிற சமயத்துல கூப்பிடுவோம்."

"துலிப் இப்பவே பூத்துக் கிடக்கே!"

"அடுத்த தடவை பூக்கறப்ப."

நின்கே கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தாள். "உள்ள கட்டிலு காலியாத்தானே கிடக்கு? போர்வைகூட மடிச்சு வெச்சிருக்கு."

"அது கட்டாயக் கட்டில் மேடம். வரமாட்டேன்னு சொல்றவங்களுக்கு. வர்றேன்னு சொல்றவரைக் கொண்டுபோய் அதுல படுக்க வெச்சா, அவரோட உரிமை என்ன ஆகறது?"

"எந்த உரிமை?"

"வராம இருக்கற உரிமை."

வீபே சந்தோஷமாகச் சிரித்தான். அந்த நிலையில் அவனுக்கு எல்லாமே பிடித்திருந்தது. நின்கேவுக்குத்தான் எதுவும் பிடிக்கவில்லை. அவள் விடாப்பிடியாக நின்றதால் டாக்டர் ரூதெலிங்கைக் கூப்பிட்டார்கள். நோயாளியை முன்பின் பார்த்திராத டாக்டர்தான் சான்றிதழ் தர வேண்டும் என்பது சட்டம். ரூதெலிங் அதைத் தன் வாழ்க்கை நெறியாகவே வைத்திருந்தார்.

"இருபது வருஷமா நான் ஒரு நோயாளியை ரெண்டாவது தடவை பாத்ததே கிடையாது" என்றார் பெருமையாக. "தெரிஞ்சுபோச்சுன்னா நடுநிலை கெட்டுடும். சரி, சொல்லுங்க. உடனடி ஆபத்து இருக்கா?"

"இன்னிக்கு இல்ல டாக்டர். வியாழக்கிழமை வாக்குல வந்துடும்."

"இன்னிக்குச் செவ்வாய்."

"அதான் முன்கூட்டியே வந்தேன்."

டாக்டர் பேனாவை மூடினார். அவர் கண்ணில் உண்மையான மரியாதை தெரிந்தது. "இவ்வளவு தெளிவா தன் நோயைப் புரிஞ்சுக்கிட்ட ஒருத்தரை நான் பாத்ததே இல்ல. அபாரம் சார்! அதனால உங்களுக்கு எதுவும் செய்ய முடியாது. சட்டம் 'உடனடி'ன்னு சொல்லுது. வியாழக்கிழமைன்னு சொல்லல."

"அப்ப வியாழக்கிழமை வரட்டுங்களா?"

"ஐயையோ, நீங்களா வந்தா அது சம்மதம் ஆயிடும். நீங்க வரக்கூடாது. உங்களைக் கொண்டுட்டு வரணும்."

நின்கே கேட்டாள்: "நடுவுல இவரு ஏரியில இறங்கிட்டா?"

"இறங்கினா உடனே போன் பண்ணுங்க மேடம். அது ரொம்ப வலுவான ஆதாரம்."

வீடு திரும்பினார்கள். புதன்கிழமை முழுக்க வீபே தூங்கவில்லை. கதவுகளை எல்லாம் கழற்றிவிட்டான், காற்று சுதந்திரமாக நீந்தட்டும் என்று. வியாழக்கிழமை மதியம் சந்தைத் திடலின் நீரூற்றில் அரைக்கால் சட்டையோடு இறங்கி, சுற்றுலா வந்தவர்களுக்கு இலவசமாகத் தவளை நீச்சல் நடத்தினான். கூட்டம் கைதட்டியது. அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "வாங்க, பெரிய தண்ணிக்குப் போவோம்" என்று ஏரி இருக்கும் பக்கம் நடக்க ஆரம்பித்தான். நின்கே அவன் இடுப்பு வாரைப் பிடித்துத் தொங்கியபடி, குதிகால் தேய, போலீசுக்குப் போன் செய்தாள்.

வந்த போலீஸ்காரன் வீபேயின் பழைய மாணவன்.

"வாத்தியாரே, ஆஸ்பத்திரிக்குப் போலாமா?"

"போலாமே! பையெல்லாம் கட்டி வெச்சிருக்கேன். ஏரிக்குப் போயிட்டு நேரா அங்கதான்."

போலீஸ்காரன் தலையில் கை வைத்துக்கொண்டான். "வாத்தியாரே, உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். அங்க வந்து இப்படிச் சிரிச்ச முகமா 'சரி சரி'ன்னு சொல்லாதீங்க. கொஞ்சம் முரண்டு பிடிங்க. என்னை வேணா ரெண்டு தள்ளு தள்ளுங்க."

"உன்னையா? உனக்கு மிதக்கச் சொல்லிக்குடுத்ததே நான். உன்னை எப்படிடா தள்ளுவேன்?"

மருத்துவமனையில் இந்த முறை வேறு டாக்டர், ஒரு அம்மாள். ரூதெலிங் ஏற்கெனவே வீபேயைப் பார்த்துவிட்டதால் நடுநிலை கெட்டுவிட்டிருந்தது. இந்த அம்மாள் கேட்டதற்கெல்லாம் வீபே ஆமாம் என்றான். படுக்கிறீர்களா, ஆமாம். மருந்து சாப்பிடுகிறீர்களா, ஆமாம். கதவைப் பூட்டட்டுமா, ரெண்டு தடவை பூட்டுங்கள். டாக்டரம்மாள் சோர்ந்துபோய், "ஒரு காபியாவது குடிக்கிறீங்களா?" என்றார்.

"வேண்டாம். படபடப்பு ஜாஸ்தியாயிடும்."

அறையே நிமிர்ந்து உட்கார்ந்தது. "மறுத்துட்டாரு!" என்று மார்லூஸ் துள்ளினாள். டாக்டரம்மாள் எழுதினார்: 'வழங்கப்பட்டதை நோயாளி திட்டவட்டமாக எதிர்க்கிறார்.' போலீஸ்காரன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாத்தியாரின் கையைக் குலுக்கினான்.

இனி மேயர் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவரை அடைத்துவைக்கும் முன் அவர் குரலை மேயர் தன் காதால் கேட்க வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மேயர் அப்போது ஊருக்கு வெளியே ஒரு புது ரவுண்டானாவைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தார். போனில் பேண்டு வாத்தியமும், பச்சை ஹெர்ரிங் மீனை மெல்லும் சத்தமும் கேட்டன.

"அன்பான குடிமகனே!" என்றார் மேயர். "உங்க சுதந்திரத்தைப் பறிக்கறதுக்கு முன்னாடி உங்களோட ரெண்டு வார்த்தை பேசறது என் பாக்கியம். எதையும் விசாரிக்காம கையெழுத்துப் போடற ஆள் இல்ல நான். யாராவது விசாரிச்சிருப்பாங்க, அப்புறம்தான் போடுவேன். சொல்லுங்க, என்ன சொல்ல விரும்பறீங்க?"

"அந்த ரவுண்டானா நடுவுல என்ன வெச்சிருக்கீங்க?"

"புல்லு."

"தோண்டிட்டு நீச்சல் குளம் கட்டுங்க. காருங்க சுத்திச் சுத்தி வரும், பசங்க நடுவுல நீந்துவாங்க. எல்லாரும் ஒரே திசையில! ஊரே ஒத்துமையா இருக்கும்!"

மேயர் மெல்லுவதை நிறுத்தினார். "அற்புதம்! எங்க கவுன்சில்ல ஒருத்தருக்கும் இப்படித் தோணலையே! இவ்வளவு தெளிவான ஆளை எதுக்கு உள்ள போடறாங்க?"

"நான்தான் கேட்டேன்."

"சத்தத்துல சரியாக் கேக்கல. எதுவானாலும் கையெழுத்துப் போட்டாச்சு. தேர்தல்ல மறந்துடாதீங்க!"

இப்படியாக வீபேவுக்குக் கட்டில் கிடைத்தது. மருந்து கொடுத்தார்கள். வெகுநாளைக்குப் பிறகு கொஞ்ச நேரம் கண்ணயர்ந்தான். நின்கே வீட்டுக்குப் போய்க் கதவுகளை மாட்டினாள், ஆடுகளுக்குத் தீனி போட்டாள், குளியலறையில் உட்கார்ந்து நன்றாக அழுதாள். தப்பித்தோம் என்று நினைத்தாள். சட்டத்தில் இன்னும் பக்கங்கள் பாக்கி இருந்தன.

மறுநாளே வக்கீல் வந்துவிட்டார். கட்டாயத்தில் வைக்கப்படும் ஒவ்வொருவருக்கும் அரசாங்கமே வக்கீல் அனுப்பும். பிராம் கோஸ்டர் என்று பெயர், நேற்றுத்தான் பட்டம் வாங்கியவர் போல ஒரு பளபளப்பு.

"கவலைப்படாதீங்க சார். உங்களை வெளிய கொண்டாந்துடறேன்!"

"எனக்கு இங்கயே இருக்கணும் தம்பி."

"எல்லாரும் முதல்ல பயத்துல அப்படித்தான் சொல்லுவாங்க. நான் ஒரு கேஸ்கூட தோத்ததில்ல."

"எத்தனை கேஸ் நடத்திருக்கீங்க?"

"இதான் முதல்."

திங்கட்கிழமை நீதிபதியே மருத்துவமனைக்கு வந்தார். கட்டாயத்தைத் தொடரலாமா என்று நோயாளி இருக்கும் இடத்துக்கே போய் விசாரிப்பது முறை. வேறு அறை கிடைக்காததால் பிங்-பாங் மேசை இருந்த விளையாட்டு அறையில் விசாரணை வைத்தார்கள். மேசைக்கு ஒரு பக்கம் நீதிபதி லிந்தபோம் அம்மையாரும் குமாஸ்தாவும். வலைக்கு இந்தப் பக்கம் வீபே, நின்கே, வக்கீல், டாக்டரம்மாள். பேச்சு வலைக்கு மேலே போய்வந்தது.

விசாரணைக்கு முன்பே நின்கே வீபேயின் காதில் ஓதியிருந்தாள். "ஒரே ஒரு வார்த்தை. 'எதிர்க்கிறேன்'னு சொல்லு. போதும். சொல்லிட்டா உனக்கு இங்க இடம்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"ஆமாடா, சொல்லு!"

"குளத்துல பொய் சொன்னா மூழ்கிடுவாங்கன்னு பசங்ககிட்ட சொல்ற ஆளு நான்."

நீதிபதி தொண்டையைச் செருமினார். "திரு டெர்ப்ஸ்ட்ரா, மனித சுதந்திரம்தான் இந்த நாட்டின் முதுகெலும்பு. உங்க சுதந்திரத்துக்காக இன்னிக்கு நான் ரெண்டு ரயில் மாறி வந்திருக்கேன். திரும்பிப் போக மூணரைக்கு ரயில். நேரடியாக் கேக்கறேன். இங்க இருக்கறதை நீங்க எதிர்க்கறீங்களா?"

நின்கே மேசைக்கடியில் அவன் காலை மிதித்தாள்.

"இல்லீங்க" என்றான் வீபே. "எனக்கு இங்க ரொம்பப் பிடிச்சிருக்கு. ஏறின மனசு இன்னும் இறங்கல. வெளிய போனா ஏரிக்குப் போயிடுவேன். என்னை வெச்சுக்கங்க."

"தெளிவான பதில். அவர் சம்மதிக்கிறார். சம்மதிக்கிற ஒருத்தரைக் கட்டாயப்படுத்தறது சட்ட விரோதம். உத்தரவு ரத்து!"

"ஜெயிச்சுட்டோம்!" என்று வக்கீல் பிராம் எழுந்து வீபேயைக் கட்டிப்பிடித்தார்.

"அப்ப நான் கட்டில்ல போய்ப் படுக்கட்டுமா?"

டாக்டரம்மாள் தயங்கினார். "அது கட்டாயக் கட்டில் சார். இப்ப நீங்க சுதந்திரமானவர். காலி பண்ணிட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல..."

நின்கே எழுந்தாள். சத்தம் போடவில்லை. வாசலுக்குப் போனாள், கதவைச் சாத்தினாள், பூட்டினாள், கதவிலேயே தொங்கிய சாவிக்கொத்தை உருவினாள். அந்த ஜன்னல்கள் உள்ளங்கை அகலத்துக்குத்தான் திறக்கும். அந்த இடைவெளி வழியாகச் சாவிக்கொத்தைக் கீழே கால்வாயில் போட்டாள். 'புளக்' என்று ஒரு சத்தம் கேட்டது.

"என்ன பண்றீங்க?" என்றார் நீதிபதி.

"அடைச்சு வெச்சிருக்கேன். அவசரமா."

"எந்த அதிகாரத்துல? எனக்கு மூணரைக்கு ரயில்!"

"இங்க இருக்கறதை நீங்க எதிர்க்கறீங்களா அம்மா?"

"நிச்சயமா எதிர்க்கிறேன்!"

"அப்ப சட்டப்படி உங்களுக்குத்தான் இங்க இருக்கத் தகுதி இருக்கு" என்றாள் நின்கே. சொல்லிவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மாற்றுச் சாவி ஒன்று இருந்தது. பாதுகாப்பு கருதி அதை அந்த அறையின் அலமாரியிலேயே வைத்துப் பூட்டியிருந்தார்கள். அலமாரிச் சாவி கால்வாய்க்குப் போன கொத்தில் இருந்தது. கதவை உடைக்கலாம் என்றால், யாராலும் உடைக்க முடியாதபடி அதைச் செய்ததற்காகத்தான் அந்த மருத்துவமனை போன வருடம் பாராட்டு வாங்கியிருந்தது. வெளியே மார்லூஸ் தீயணைப்புப் படைக்குப் போன் செய்தாள்.

உள்ளே முதல் பத்து நிமிடம் குமாஸ்தா கதவைத் தட்டினார். டாக்டரம்மாள், எல்லாரும் நிதானமாக மூச்சு விட வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாக மூச்சு விட்டார். நீதிபதி, "இது அநியாயம், என்னை யாருமே ஒரு வார்த்தை கேக்கல" என்று இங்கும் அங்கும் நடந்தார். வீபேவுக்குத்தான் அவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பூட்டிய அறையில் முதல் தடவை இருப்பவர்களுக்கு என்ன செய்யும் என்று அவனுக்குத் தெரியும்.

"அம்மா, கைகால் சும்மா இருந்தா மனசு ஓடும். நீந்தத் தெரியுமா?"

"தெரியும். ஆனா தவளை நீச்சல்ல வலது கால் சரியா வராது. சின்ன வயசுலேர்ந்தே."

"மேசை மேல படுங்க, பாக்கறேன். வலையை எடுத்துடலாம்."

என்ன மாயமோ, நீதிபதி லிந்தபோம் கறுப்பு அங்கியோடு பிங்-பாங் மேசையில் குப்புறப் படுத்தார். வீபே அவர் கணுக்காலைப் பிடித்து, "மடக்கு, விரி, சேர்! பாதம் வெளிய பாக்கணும்! அதேதான்!" என்று குரல் கொடுத்தான். வக்கீல் பிராம், தனக்கு முதல் நிலை நீச்சல் சான்றிதழ்கூடக் கிடையாது என்று சிவந்த முகத்தோடு ஒப்புக்கொண்டார். அவரை அடுத்தடுத்துப் போட்ட இரண்டு நாற்காலியின் மேல் படுக்கவைத்தான். குமாஸ்தா தாளம் போட்டார். டாக்டரம்மாளும் தரையில் மல்லாந்து கையை வீசத் தொடங்கினார்.

தீயணைப்பு வீரர் ஏணி வைத்து ஜன்னலுக்கு ஏறி எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே குனிந்து, "இதுல நோயாளி யாருன்னு கேட்டுச் சொல்லுங்கப்பா" என்று கத்தினார்.

ஜன்னலைப் பெயர்த்து எல்லாரையும் இறக்கினார்கள். நின்கே மட்டும் மேசையின் காலைக் கட்டிக்கொண்டு வர மறுத்துவிட்டாள். "போக மாட்டேன்! என் புருஷனுக்கு இடம் குடுக்கற வரைக்கும் ஒரு அடி நகர மாட்டேன்! கடிச்சுடுவேன்!"

கீழே நின்ற மார்லூஸும் டாக்டரம்மாளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடனடி, ஆபத்து, எதிர்ப்பு. மூன்றும் ஒரே ஆளிடம், இவ்வளவு சுத்தமாக. நோயாளியாக அவளை முன்பின் பார்த்ததில்லை என்பதால் நடுநிலையும் கெடவில்லை; டாக்டரம்மாள் ஆனந்தமாக எழுதினார். மேயர் போனில் அவள் கத்தலைக் கேட்டார்; கையெழுத்தும் சீக்கிரமே வந்துசேர்ந்தது. நின்கேயை அலுங்காமல் ஏணி வழியாக இறக்கிக் கொண்டுபோய், வீபே காலி செய்த அதே கட்டிலில் படுக்கவைத்தார்கள்.

வீபே பையோடு பக்கத்தில் நின்றான். "நான் எங்க போறது?"

"நீங்க இவங்க உறவினரா சார்?"

"புருஷன்."

மார்லூஸின் முகம் மலர்ந்தது. "அதைச் சொல்ல வேண்டாமா! கட்டாய நோயாளியோட உறவினருக்குப் பக்கத்துலயே அறை உண்டு. சாப்பாடு உண்டு. உறவினரோட களைப்பைக் கவனிக்கத் தனி டாக்டரே இருக்காரு. இதுக்கு வெயிட்டிங் லிஸ்டெல்லாம் கிடையாது. திட்டம் வந்ததுலேர்ந்து யாருமே கேட்டதில்ல."

களைப்பு டாக்டர் வயதானவர். பல மாதங்களாகத் தனியாக உட்கார்ந்து செய்தித்தாளின் குறுக்கெழுத்தை முடித்துக்கொண்டிருந்தவர். வீபே பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டார். "உறவினர்கள்ல இவ்வளவு களைச்ச ஆளை நான் பாத்ததில்ல" என்றார். ரத்தம் எடுத்துப் பார்த்தார், வீபேயின் வழக்கமான மாத்திரையையே அளவு கூட்டிக் கொடுத்தார், தினமும் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

வேலை முழுக்க நின்கேயின் தலையில் விழுந்தது. அவள் சம்மதித்துவிட்டால் இருவருக்கும் இடம் போய்விடும். எனவே வந்ததையெல்லாம் மறுத்தாள். பட்டாணி சூப் வந்தது. அதில் நல்ல புகையிட்ட தொத்திறைச்சி மிதந்தது. எச்சில் ஊறியபடியே மறுத்தாள். ஓவியப் பயிற்சி என்றார்கள். வாழ்நாள் முழுக்க ஆசைப்பட்ட விஷயம். தூரிகையைத் தூக்கிப் போட்டாள். அவளை விசாரிக்க வந்த வேறொரு நீதிபதி எதைக் கேட்டாலும் "எதிர்க்கிறேன்" என்றாள். "நேரம் என்ன ஆச்சு?" என்று அவர் குமாஸ்தாவைக் கேட்டதற்கும் எதிர்க்கிறேன் என்றாள். உத்தரவை நீட்டித்துவிட்டுப் போனார். பிராம் கோஸ்டர் அவளுக்கும் வக்கீலாக வந்து, முதல் தோல்வியைச் சந்தித்தார். அவள் அவருக்கு ஆறுதல் சொன்னாள், மெதுவாக, யாருக்கும் கேட்காதபடி.

வீபே தூங்கினான். முதலில் துண்டு துண்டாக, பிறகு நாள் முழுக்க. பேச்சு குறைந்தது. ஒரு நாள் மத்தியானம் விழித்து வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்து அறைக்கு வந்தான்.

"நின்கே, ஆட்டுக்கெல்லாம் நெஜமாவே மழைக்கோட்டு வாங்கினேனா?"

"வாங்கின."

"மஞ்சள் கலரா?"

"மஞ்சள்தான்."

அவன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டான். இறங்கிவிட்டான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்து, தலையை வாரிக்கொண்டு, நேரே மார்லூஸின் மேசைக்குப் போனாள்.

"எல்லாத்துக்கும் சம்மதம். சூப்பு, ஓவியம், மாத்திரை, எல்லாம். இங்கயே இருக்கணும்னு ஆசையா இருக்கு."

அரை மணி நேரத்தில் இருவரும் பையோடு வாசலில் நின்றார்கள்.

பேருந்து நிறுத்தத்தில் காற்று வீசிக்கொண்டிருந்தது. வீபே அவள் பக்கம் திரும்பிப் பார்த்தான். கன்னம் ஒட்டிப்போய், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. எத்தனையோ நாளாக அவன் அவளைச் சரியாகப் பார்த்திருக்கவே இல்லை.

"நீ எப்படி இருக்க?" என்றான்.

நின்கே யோசித்தாள். இத்தனை நாளில் ஒரு டாக்டர், ஒரு மேயர், ஒரு நீதிபதி, ஒரு வக்கீல் என்று எத்தனையோ பேர் அவளிடம் எதிர்க்கிறாயா, சம்மதிக்கிறாயா என்று மாற்றி மாற்றிக் கேட்டாயிற்று. இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை.

"நல்லா இல்ல" என்றாள். "கொஞ்சங்கூட நல்லா இல்ல வீபே."

"சொல்லு."

அவள் சொல்ல ஆரம்பித்தாள். பேருந்து வந்து நின்றது. கதவைத் திறந்துவைத்துக்கொண்டு ஓட்டுநர் பார்த்தார். வீபே அவரைப் போகச் சொல்லிக் கையை அசைத்தான்.